யார் யாரைத் தூக்குவது

டெல்மருக்கு வயது அறுபத்தொன்று. மனைவி நோரீனுக்கு ஐம்பத்தொன்பது. விஸ்கான்சினில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் வீடு. வயதான காலத்தில் குளிப்பாட்ட, உடுத்திவிட ஆள் வைத்தால் அந்தச் செலவைத் தரும் பராமரிப்பு இன்சூரன்ஸை எடுப்பதா வேண்டாமா என்று மூன்று வாரமாக இருவருக்கும் இழுபறி. அன்று வெள்ளிக்கிழமை; நான்கு மணிக்கு ஏஜெண்ட் வருவதாக இருந்தது.

"நீ விழுந்தா நான் தூக்குறேன், நான் விழுந்தா நீ தூக்கு. இதுக்கு எதுக்கு ஒரு இன்சூரன்ஸ்?" என்றார் டெல்மர்.

"உன்னையா? பனி தள்ளுற வண்டியைத் தூக்கச் சொல்லு, முயற்சி பண்றேன்."

டெல்மர் சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்தார். "விழுந்துட்டேன். தூக்கு."

நோரீன் அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்தார். அசையவில்லை. காலைப் பிடித்து இழுத்தார். செருப்பு மட்டும் கையோடு வந்தது.

"நோயாளி கொஞ்சம் ஒத்துழைக்கணும்."

"நோயாளிக்கு மயக்கம்."

"மயக்கத்துல இருக்கிறவன் வாயாட மாட்டான்."

பெல்ட்டைப் பிடித்து இழுத்தபோது கால் வழுக்கி, அவர் வயிற்றின் மேலேயே நோரீன் விழுந்தார். அவ்வளவுதான், இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டது. எழலாமென்று கையூன்றினால் கை தளர்ந்தது.

அழைப்பு மணி அடித்தது.

"கதவு திறந்துதான் இருக்கு" என்று தரையிலிருந்தே குரல் கொடுத்தார் நோரீன்.

ஏஜெண்ட் கிரெட்சன் உள்ளே வந்து திகைத்து நின்றாள். "ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?"

"வேண்டாம்மா. இன்சூரன்ஸ் எடுக்கலாமான்னு பேசிட்டிருக்கோம்" என்றார் டெல்மர்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு இருவரையும் எழுப்பினாள். காப்பிக்குப் பிறகு படிவத்தைப் பிரித்தாள். "கடந்த ஒரு வருஷத்துல கீழே விழுந்திருக்கீங்களா?"

டெல்மர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவர் வேணும்னே படுத்தார். நான் நிஜமாவே விழுந்தேன், அதை எழுதிக்கோங்க" என்றார் நோரீன்.

"கணவர் மேலேயே விழுந்தாங்கன்னு எழுதறேன்" என்ற கிரெட்சனும் அடக்க முடியாமல் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தபோது நோரீன் மெல்லச் சொன்னார்: "நிஜமா ஒருநாள் நீ அப்படிக் கிடந்தா எனக்குச் சிரிப்பு வராது, டெல்மர்."

டெல்மர் பேனாவுக்குக் கை நீட்டினார். முதல் கையெழுத்து அவருடையது.

ஆறாவது வாரம் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து இருவருக்கும் ஒப்புதல் வந்தது. அன்று மீன் வறுவல் சாப்பிடப் போனவர்கள், காதலிக்கத் தொடங்கியவர்களைப் போல மேசையின் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.