ஊதாமல் கிளம்பிய வண்டி

ஓடும் வண்டியின் முன்னிருக்கையிலிருந்து பிஸ்கட்டைத் திரைச்சீலைக்குப் பின்னால் நீட்டிய மனைவியின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. வாங்க யாரும் வரவில்லை. "பார்சலு?" என்று கூப்பிட்டபடி திரையை விலக்கினாள். சாப்பாட்டு மேசைக்கு அடியில் பழைய சாக்கு மட்டும் கிடந்தது.

"என்னங்க, நாய் வண்டியில இல்ல."

கார்டு ஐயா பிரேக்கை மிதித்ததில் அலமாரித் தட்டுகளெல்லாம் கூட்டாக அலறின.

ஓய்வு பெறும்வரை ரயிலில் கார்டாக இருந்தவர். கடைசிக் கதவைக் கண்ணால் பார்த்து, விசில் ஊதி, பச்சைக்கொடி காட்டிய பிறகுதான் வண்டி நகரும். ஏற வேண்டியவர் ஒருவரையும் அவர் கொடி தவறவிட்டதில்லை. மகளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் நகைநட்டைப் பற்றிப் பேசாமல் இதைத்தான் பேசினார். பார்சல்கூட அந்த வேலையில் கிடைத்ததுதான். யாரும் உரிமை கோராத கறுப்புக் குட்டியாகப் பின்பெட்டியில் பார்சல் மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது.

ஓய்வுக்குப் பிறகு ஊர் ஊராகச் சுற்ற, உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள இந்தக் கேரவனை வாங்கியபோது மகள் தாம்தூமென்று குதித்தாள். "ஒரு தப்பு நடக்கட்டும்ப்பா, அன்னைக்கே வண்டிய வித்துட்டு என் வீட்டுக்கு வந்துடணும்." அவள் குடியிருப்பில் நாய்க்கு இடமில்லை. அது தெரிந்தும், "நடந்தா வர்றேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தப்பு நடக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

சின்னச் சின்னத் தொல்லைகள் இல்லாமலில்லை. மலையேற்றத்தில் வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. தலையில் சோப்பு நுரையோடு இருக்கும்போது தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. மழை நாட்களில் மூவரும் ஒரே நனைந்த நாய் வாசனையில் தூங்கினார்கள். ஆனால் ஏரிக்கரையில் கதவைத் திறந்துவைத்த ஒரு காலையில், மனைவி தேநீர்க் கோப்பையோடு படியில் உட்கார்ந்து, காரணமே இல்லாமல் சிரித்தாள். பார்சல் அவள் பாதத்தின் மேல் படுத்திருந்தது. அப்படி அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப இடம் கிடைப்பதற்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கடைசியாக நின்ற பெட்ரோல் பங்குக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் சாலையோரம் சிதறிக் கிடந்த ஒவ்வொரு கறுப்புப் பொருளையும் இருவரும் பார்த்தார்கள். ஒன்று டயர் துண்டு. ஒன்று யாரோ எறிந்த பை.

"கண் அசந்துட்டேன் நான்," என்றாள் மனைவி. பிறகு மெதுவாக, "விசில் சத்தம் கேட்ட ஞாபகமே இல்லையே. ஊதுனீங்களா?"

ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் அவர் விசில் ஊதுவார், பார்சல் தாவி ஏறும், கதவு மூடும். ஆனால் இன்று பெட்ரோல் பங்கில் விசிலை உதட்டருகே கொண்டுபோனபோது, பஞ்சர் பார்க்க நின்றிருந்த இளைஞர் கூட்டத்தில் ஒருவன், "தாத்தா, உங்க ரயில் எத்தனாவது பிளாட்பாரம்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு விறைப்பாகக் கிளம்பிவிட்டார்.

பங்கில் வண்டி நின்றிருந்த அதே இடத்தில், கதவு இருந்த திசையைப் பார்த்தபடி பார்சல் உட்கார்ந்திருந்தது. காற்றடிக்க வந்த கார் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க ஆளா சார்?" என்றார் காற்றடிப்பவர். "கூப்பிட்டா வரல, பன்னு போட்டா மூஞ்சிய திருப்பிக்குது. டூட்டில இருக்காரு போலன்னு விட்டுட்டேன்."

கார்டு ஐயா கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுடா."

பார்சல் அவரைப் பார்த்து ஒரு முறை வாலை ஆட்டியது. எழுந்திருக்கவில்லை.

பஞ்சர் கூட்டம் இன்னும் அங்கேதான் நின்றிருந்தது. அவர் முதுகை நிமிர்த்தி விசிலை எடுத்தார். உதடு உலர்ந்திருந்ததால் முதலில் வெறும் காற்றுதான் வந்தது. ஒருவன் களுக்கென்றான். நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டு, பழைய நடைமேடையின் மறுகோடிவரை கேட்கும்படி ஊதினார். பார்சல் ஒரே தாவலில் உள்ளே போய்விட்டது.

"ரைட் தாத்தா!" என்று கத்தினான் முன்பு கேலி செய்தவன். கேலியா இல்லையா என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இருக்கையில் அமர்ந்தபோது மனைவியின் போன் அடித்தது. மகள். தினமும் இந்நேரம் கூப்பிடுவாள்.

"நான் எதையாவது சொல்லி சமாளிச்சுக்கிறேன்," என்றாள் மனைவி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"குடுத்த வாக்க மாத்துற பழக்கம் நம்ம வீட்ல கிடையாது. குடு, நானே பேசறேன்."

அவள் போனை நீட்டினாள். வாங்கப் போனவரின் கை எழவில்லை. திரைக்கு நடுவிலிருந்து தலையை நுழைத்து, அவர் முழங்கையின் மேல் தாடையை முழுப் பாரமாக வைத்துக் கண்ணை மூடியிருந்தது பார்சல். விசில் இன்னும் அவர் விரல்களுக்குள் ஈரமாக இருந்தது. மணி அடித்துக்கொண்டேயிருந்தது.