ஒத்தமுடியார் முடி வெட்டிக்கொண்ட கதை

ஒத்தமுடியாருக்குத் தலையில் இருப்பது ஒரே ஒரு முடி. அதை வெட்டிக்கொள்ளத்தான் அவ்வளவு பந்தாவாக சலூனுக்கு வருகிறார். வெட்ட வெட்ட அது முன்னைவிட நீளமாக முளைக்கிறது. கடைசியில் சலூன்காரர் அந்த முடியிலேயே சிக்கி, நாற்காலியோடு கட்டுண்டு விழிக்கிறார். ஒத்தமுடியாரோ, 'இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம்' என்பதுபோல் முகத்தைச் சுளித்துவிட்டு வெளியேறுகிறார்.

மூன்று நிமிடக் களிமண் பொம்மைப் படம். அதற்காக அக்காவும் தங்கையும் வீட்டின் பின்னறையில் மாதக்கணக்கில் குனிந்த முதுகு நிமிராமல் கிடந்தார்கள். களிமண் ஆட்கள் தாமாக நடப்பார்களா என்ன? மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம். நாள் முழுக்க மாரடித்தால் ஒத்தமுடியார் வாசலிலிருந்து நாற்காலி வரை வந்து சேர்வார். பொம்மையை நகர்த்துவது அக்கா. கேமராவும் விளக்கும் சின்னவள் பொறுப்பு. நகர்த்தி முடித்ததும் அக்கா, நிழல் விழாமல் இருக்க, சின்னவளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "எடு" என்பாள். சின்னவள் பொத்தானை அழுத்துவாள்.

படம் பாதி முடிந்திருந்தபோது சின்னவளுக்கு வேலை கிடைத்தது. வெளியூரில் ஒரு விளம்பரக் கம்பெனி. சோப்புக் கட்டிகளை நடனமாட வைக்க ஆள் தேவையாம். விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். 'போகாதே' என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அந்தச் சோப்புகள் ஆடாமலே கிடக்கட்டும் என்று விட்டிருப்பாள்.

அக்காவா சொல்லுவாள்? ஒத்தமுடியாரின் மூக்கைத் திருத்திக்கொண்டே, "போயேன். உன் கையை யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்றாள்.

அன்றோடு பேச்சு நின்றது. "எடு" என்பதும் போய், சுவரில் தட்டுவது வந்தது. ஒரு தட்டு என்றால் எடு, இரண்டு தட்டு என்றால் பொறு. சின்னவளும் லேசுப்பட்டவள் இல்லை. தப்பித்தவறிக்கூடத் திரும்பிப் பார்க்காமல், பொம்மையிலேயே கண்ணாக இருந்தாள். அந்த வீட்டில் ரோஷத்துக்கு மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

அந்த ரோஷத்தில்தான் கண்ணாடி விஷயம் கோட்டை விடப்பட்டது. சலூன் என்றால் சுவரில் கண்ணாடி வேண்டுமே என்று, பழைய பவுடர் டப்பாவின் கண்ணாடியைப் பதித்திருந்தார்கள். அதன்மேல் பவுடர் பூசி மங்கலாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் எதிரே இருக்கிற அறை அப்படியே அதில் தெரியும். 'பூசிட்டியா?' என்று கேட்க யாராவது ஒருத்தி வாயைத் திறக்க வேண்டும், திறக்கவில்லை. அவள் பூசியிருப்பாள் என்று இவளும், இவள் பூசியிருப்பாள் என்று அவளும் இருந்துவிட்டார்கள். கேமராவின் குட்டித் திரையில் அது வெறும் பளபளப்பாகத்தான் தெரிந்தது.

படம் முடிந்தது. மறுநாள் காலையில் சின்னவளுக்கு பஸ். பையெல்லாம் கட்டிக் கூடத்தில் வைத்தாயிற்று. கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டிவியில் போட்டார்கள். சோபாவின் இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி, நடுவில் அம்மா.

ஒத்தமுடியார் கர்வமாக உள்ளே நுழைந்ததுமே அம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். முடி இரண்டாம் முறை முளைத்தபோது திடீரென்று, "நிறுத்து, நிறுத்து" என்றாள்.

"என்னம்மா?"

"ஏண்டி பெரியவளே, இந்தப் படத்துல நீ எங்க வந்த?"

பின்னால் ஓட்டி மறுபடி போட்டார்கள். முன்னால் கத்தரிக்கோல் ஆடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த கண்ணாடியில், கேமராவோடு சின்னவள். அவள் முதுகுக்குப் பின்னால் அக்கா. அக்காவின் கை மெல்ல எழுந்து சின்னவளின் தோளை நோக்கிப் போனது. தொடப்போகிற நேரத்தில் சுட்டதுபோல் பின்வாங்கியது. மறுபடி எழுந்தது. வாய் திறந்தது, மூடிக்கொண்டது. நாள் கணக்கில் நடந்ததெல்லாம் சில நொடிகளில் ஓட, அக்காவும் ஒரு களிமண் பொம்மை மாதிரியே வெடுக்வெடுக்கென்று அசைந்தாள். கை தோளுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும்போது காட்சி மாறிவிட்டது.

அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அந்த மொட்டையன் முடியைவிட இதுதான்டி நல்லா இருக்கு!"

அக்கா முகத்தில் அசடு வழிந்தது. "பவுடர் பூசலையா நீ?"

"நீ பூசியிருப்பேன்னு நினைச்சேன்."

பேசாமல் இருந்ததையே இருவரும் ஒரு கணம் மறந்துவிட்டார்கள். சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் தன் முதுகுக்குப் பின்னால் ஒரு கல் நிற்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்!

"அக்கா, அந்தக் கை பாதியில நிக்குது."

"ம்."

"பாதியில விட்டா பாக்கறவங்க சும்மா விடுவாங்களா? அது எங்க போய்ச் சேருதுன்னு எடுத்தாகணும்."

அக்கா எழுந்து பின்னறைக்குப் போனாள். சின்னவள் பின்னாலேயே போய் விளக்கைப் போட்டு, கேமராவின் முன் உட்கார்ந்தாள். சுவரில் தட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை. களிமண் காய்ந்த ஒரு கை வந்து தோளில் கனமாக உட்கார்ந்தது.

"போகாதடி."

சின்னவள் தோளில் இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துட்டியா?" என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சியபடி.

"இல்லக்கா, அழுத்த மறந்துட்டேன். மறுபடியும் சொல்லு."

அக்கா மறுபடியும் சொன்னாள், இந்த முறை கொஞ்சம் உரக்க. அதற்குள் கூடத்தில் பையின் ஜிப்பைத் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை.