எதுவும் கேட்காத பாட்டு

பிப்ரவரி 11, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தவறு தெரியவந்தது. என் தோழி ரேடியோவுக்கு நேற்று நான் அனுப்பிய பாட்டுகளில் ஒன்றின் பொருள்கூட எனக்குத் தெரியாது. ராகம் பார்த்தேன், தாளம் பார்த்தேன், வேகம் பார்த்தேன். சொல்லைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத அந்த மொழிகள் அவளுக்குத் தெரியும் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

இதை எழுதியவளுக்கு மாலை நேரப் பாட்டு வகுப்பில் தராசு என்று பெயர். ஒரு ஸ்வரத்தைப் பாடிவிட்டு, சரியாகத்தான் பாடினோமா என்று எடை போட்டுப் பார்த்த பிறகே அடுத்த ஸ்வரத்துக்குப் போவாள். அதற்குள் மற்றவர்கள் பாட்டையே முடித்திருப்பார்கள். பகலில் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. அங்கே அந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வகுப்பில் கிண்டல் கொடுத்தார்கள்.

ரேடியோ அவளுடைய பள்ளிக்காலத் தோழி. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். டாக்டரின் மொழி நோயாளிக்குத் தெரியாது, நோயாளியின் மொழி டாக்டருக்குத் தெரியாது. நடுவில் ஒரு நாற்காலி போட்டு இவள் உட்கார்ந்திருப்பாள். நான்கு மொழிகளிலும் பிறந்து வளர்ந்தவள்போலப் பேசுவாள். தராசுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. கடைக்கு மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்களிடம்கூட, சம்பந்தமே இல்லாமல், "என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா..." என்று தொடங்கிவிடுவாள்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. "அவருக்கு வலிக்கிறதாம்" என்று சொல்லக் கூடாது. நோயாளி எப்படிச் சொல்கிறாரோ அப்படியே, "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் காலையிலிருந்து மாலைவரை அவளுக்கு நெஞ்சு வலிக்கும், கால் மரத்துப்போகும், வயிற்றுப் பிள்ளை அசையாமல் இருக்கும். மாலையில் எல்லாவற்றையும் உதறிவிட்டு, பஸ்ஸில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை தராசிடம் வாய் ஓயாமல் அளந்துகொண்டு வருவாள். ரேடியோ என்ற பெயர் சும்மா வரவில்லை.

போன மாதம் ஒருவர், "நான் பிழைச்சுக்குவேனா?" என்று கேட்டார். அவளும், "நான் பிழைத்துக்கொள்வேனா?" என்று டாக்டரைக் கேட்டாள். டாக்டர் பதில் சொன்னார். அந்தப் பதிலை இந்தப் பக்கம் கொண்டுவர அவளுக்கு வாய் வரவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. இன்னொரு மொழிபெயர்ப்பாளரை ஓடிப்போய்க் கூட்டி வந்தார்கள். சில நாளிலேயே மறுபடியும் அப்படி ஆனது. மேற்பார்வையாளரம்மா கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை காலை டாக்டர் ஒரு நோயாளியிடம் பேசுகிற நீண்ட ஆலோசனைக்கு அவளைப் போட்டிருப்பதாகவும், தானும் கூடவே உட்காரப்போவதாகவும் சொன்னார். அதிலும் தடுமாறினால் பதிவு கவுண்ட்டருக்கு மாற்றம். அங்கே பெயர், வயது, முகவரி கேட்டால் போதும்.

அதிலிருந்து ரேடியோவுக்குத் தூக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. அவளுடைய அம்மா தராசுக்கு போன் போட்டார்.

"ஏம்மா, நீயாவது வந்து என்னன்னு கேளு. வீட்டுல சத்தமே இல்ல. ‘கொஞ்சம் வாய மூடுடி’ன்னு இத்தனை வருஷம் கத்துனவ நான். இப்ப அந்தச் சத்தம் இல்லாம எனக்குச் சோறு இறங்கல."

இப்படித்தான் தராசு பாட்டுத் தேடக் கிளம்பினாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான், அதுவும் அரைகுறையாக. திங்கட்கிழமை பொறுக்கி எடுத்து அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை மாலை ஆஸ்பத்திரி கேன்டீன் வாசலில், டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள் ரேடியோ.

"கேட்டியா?" என்றாள் தராசு.

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"அந்த மூணாவது பாட்டுல அவர் என்ன சொல்றார்னு உனக்குத் தெரியுமா?"

"சாமி பாட்டு. பக்தியா ஏதோ..."

"‘எவ்வளவு நாளா கூப்பிடுறேன், உனக்குக் காது கேக்கலையா, உன்ன விட்டா நான் யார்கிட்டப் போவேன்’னு கேக்குறார். நாலாவது பாட்டுல, ‘நான் அப்படி என்ன தப்புப் பண்ணேன்’னு கேக்குறார். அஞ்சாவதுல வேற ஒருத்தர், வேற மொழி, அதே கேள்வி. இதத்தானடி நான் நாள் பூரா கேக்குறேன்! கண்ண மூடுனா என் வாய் தானா அசையுது. அவர் ஒரு வரி, நான் ஒரு வரி. சம்பளம் இல்லாத ஷிஃப்ட் பாத்துட்டு வந்திருக்கேன்."

தராசுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அதைப் பார்த்து ரேடியோ லேசாகச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. "பாடுனவர் குரல் நல்லாதான் இருந்துச்சு. நோயாளியா வந்தா முதல் டோக்கன் குடுப்பேன்" என்றாள்.

அன்று மாலை வகுப்பில், டீச்சர் வருவதற்கு முன்பு, தராசு விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பகலில் சிறு பிள்ளைகள் படிக்கிற அறை அது. குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"தூக்கத்துக்கு நீலாம்பரி ராகம்மா. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு. கேக்கலைன்னா ஆனந்தபைரவி சேத்துக்கணும்."

"உங்க கடையில குடுக்குற மாதிரியே சொல்றீங்களே, அட்டையா குடுப்பீங்களா, பாட்டிலா?" என்றார் பஸ் ஓட்டுகிற அண்ணன். "தங்கச்சி, நான் சொல்றேன் கேளு. வாய்ப்பாட்டே வேணாம். வீணை போட்டுக் குடு. வீணைக்கு வாய் கிடையாது, கெஞ்சாது."

அது நியாயமாகப் பட்டது. புதன்கிழமை வீணை இசை போயிற்று. ஆனால் தேர்ந்தெடுத்தது ரேடியோவின் அம்மா சமையலறையில் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டாகப் போய்விட்டது. வீணை வாசிக்க வாசிக்க, வார்த்தைகள் அத்தனையும் அவள் காதுக்குள் வரிசை கட்டி வந்து நின்றுவிட்டன. "வீணைக்கு வாய் இல்ல, எனக்கு இருக்கே" என்று ஒரு வரியில் செய்தி அனுப்பினாள்.

வியாழக்கிழமை மதியம் கடையின் பின்னறையில், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, தராசு ஒரு லென்ஸின் மையத்தில் மைப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புள்ளிதான் கண்மணிக்கு நேராக உட்கார வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் போதும், கண்ணாடி நன்றாக இருக்கும், போட்டவருக்குத் தலை வலிக்கும். லென்ஸ் மேல் குற்றமே இராது. அந்தக் கண்ணுக்கு அது இல்லை, அவ்வளவுதான்.

அவள் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பாட்டின் மேல் குற்றமில்லை. ரேடியோவின் காது எப்படிப்பட்ட காது என்று தான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. சொல் என்று ஒன்று வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு அடுத்த கரைக்கு ஓடுகிற காது அது. அப்படியானால் தூக்குவதற்கு எதுவும் இல்லாததாக இருக்க வேண்டும். தெரிந்த மெட்டும் கூடாது.

பாட்டுக்கு முன்னால் பாடகர் ராகத்தை மட்டும் நிதானமாகப் பாடிக் காட்டுவாரே, அந்த ஆலாபனை! சொல் கிடையாது, தாளம் கிடையாது. வகுப்பில் பாதிப்பேர் அந்த நேரத்தில்தான் கைப்பையைத் துழாவுவார்கள்.

காதில் மாட்டிக்கொண்டு தேடினாள். பிலஹரி ராகம் துள்ளியது, வேண்டாம். முகாரி அழுதது, அடியோடு வேண்டாம். ஒரு அம்மாள் கச்சேரியில் பாடிய சஹானா கிடைத்தது. அவசரமில்லாத குரல். ஒரு ஸ்வரத்துக்குப் போய் அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து, மறுபடி கிளம்பியது. தராசு அதைப் பல தடவை கேட்டாள். பாட்டின் முதல் சொல் எட்டிப்பார்க்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று முன்பே வெட்டினாள். வெட்டிய இடம் உறுத்துகிறதா என்று கேட்டாள். உறுத்தியது. இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வெட்டினாள். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

மாலை வகுப்பில் மருந்துக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆலாபனைய மட்டும் வெட்டிக் குடுக்குறதா? கல்யாணத்துக்குப் போயிட்டு வாசலோட திரும்பி வர்ற மாதிரி இருக்கும்மா!"

வேறு நாளாக இருந்தால் தராசு அந்த இடத்திலேயே மனதை மாற்றிக்கொண்டிருப்பாள். அன்று, "அவளுக்கு வாசல்தான் வேணும் அண்ணா" என்றாள். சொன்ன பிறகு, இதைச் சொன்னது தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. வகுப்பு தொடங்குவதற்குள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரேடியோவின் வீட்டில், அவளுடைய அம்மா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே கையைக் காட்டினார். ரேடியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மருத்துவச் சொற்களின் புத்தகம். தராசு போனைத் தலையணைமேல் வைத்து ஓட விட்டாள். குரல் எழுந்தது. உடனே ரேடியோவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, புருவம் சுருங்கியது. வேலைக்கு உட்காரும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"தரினனா-ன்னு சொல்றாங்களே. இது எந்த மொழி?"

"எந்த மொழியும் இல்ல."

"அர்த்தம் இருக்குமே?"

"இல்ல. குரல் போறதுக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"சத்தியமாடி."

ரேடியோ சற்று நேரம் நம்பாமல் கேட்டாள். பிறகு புருவம் இறங்கியது. "அப்ப எனக்கு வேலை இல்ல" என்றாள்.

பாடுகிற அம்மாள் நிறுத்தினார். பின்னால் தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோ திடுக்கிட்டு போனைப் பார்த்தாள்.

"நின்னுபோச்சா?"

"இல்ல. அடுத்து எங்க போகலாம்னு யோசிக்கிறாங்க."

"இவ்வளவு பேர் முன்னாடி, பாதியில நிறுத்திட்டா?"

"அதுல என்ன? தம்புரா போயிட்டுத்தானே இருக்கு."

குரல் மறுபடி வந்தது, முன்னைவிட மெதுவாக. ரேடியோ புத்தகத்தை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். முடிந்ததும், "இன்னொரு வாட்டி போடு" என்றாள். அதன் நடுவில், கண்ணை மூடியபடியே, "இதுல யாரும் என்கிட்ட எதுவும் கேக்கல" என்றாள். மூன்றாம் முறை ஓடும்போது அவளிடமிருந்து பேச்சு இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, மகளின் வாய் லேசாகத் திறந்திருப்பதைக் கண்டு, முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். தராசு தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள். தூக்கம் ஒரு பக்கம் சரி, உள்ளே அந்த நாற்காலியில் என்ன ஆகுமோ? தான் செய்தது உதவியா, இல்லை ஒரு சுகமான தாலாட்டு மட்டும்தானா? கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை யாரோ வேகமாக அந்தப் பக்கம் வந்தபோது, வேறு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்து எழுந்தே விட்டாள். வந்தவர் தண்ணீர் கேன் மாற்றிவிட்டுப் போனார்.

கதவு திறந்தது. வயதான ஒருவரும் அவருடைய மகளும் முதலில் வந்தார்கள். மகள் திரும்பி, பின்னால் வந்த ரேடியோவின் இரண்டு கைகளையும் பிடித்து, ஏதோ சொன்னாள். ரேடியோ அவள் மொழியிலேயே பதில் சொன்னாள். குரல் அடைக்கவில்லை. அடுத்து மேற்பார்வையாளரம்மா வந்தார்.

"அந்த இடத்துல நிறுத்துனீங்களே," என்றார் ரேடியோவிடம், "புதுசா வர்றவங்களுக்கு அதத்தான் நான் சொல்லிக் குடுக்கப் பாக்குறேன். வர மாட்டேங்குது. திங்கட்கிழமை உங்க பழைய வார்டுக்கே போயிடுங்க." சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

தராசு எழுந்து ஓடினாள். "எந்த இடத்துலடி? என்ன ஆச்சு?"

"உள்ள பேசினத வெளிய சொல்லக் கூடாது."

"யார் வாய்ல இருந்து என்ன வருது பாரு!"

ரேடியோ சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் சொல்லலாம், அது என்னப் பத்தினது. டாக்டர் சொல்ல வேண்டியதச் சொன்னார். நான் அந்தப் பக்கம் சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் பேசல. முன்னல்லாம், நான் சொன்னதும் வரப்போற அந்த மௌனத்த எப்படி நிரப்புறதுன்னு பயந்துபோவேன், சொல்றதுக்கு முன்னாடியே தொண்டை அடைச்சுடும். இன்னிக்கு நிரப்பல. அவங்க அடுத்து எங்க போகலாம்னு யோசிக்கிறாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் அவங்களே பேசினாங்க. நானும் பேசினேன்."

இவ்வளவு பெரிய வேலையை இவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறவள் தன்னுடைய தோழி என்று அந்த நடைக்கூடம் முழுக்கக் கூவ வேண்டும்போலத் தராசுக்கு இருந்தது. கூவவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ரேடியோ அவள் கையைப் பிடித்து மொழிபெயர்ப்பாளர்களின் ஓய்வறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒருவர் தலையைச் சுவரில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். அவசரப் பிரிவில் வேலை செய்கிறவர். தாடிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இவதான். லென்ஸ் செய்றவ. காதுக்கும் செய்வா" என்றாள் ரேடியோ.

தாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரேடியோவப் பேச வெச்சது நீங்களா? இனிமே எங்க பாடு திண்டாட்டம்தான். சரி, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடுங்களேன். எனக்கும் தூக்கம் இல்ல."

வேறு எந்த நாளாக இருந்தாலும், "எனக்கு அவ்வளவெல்லாம் தெரியாதுங்க" என்றுதான் தராசு சொல்லியிருப்பாள். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. "பாத்துச் சொல்றேன்" என்றாள்.

பஸ்ஸில் ரேடியோ ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசினாள். மேற்பார்வையாளரம்மாவின் செருப்புச் சத்தம், கேன்டீன் டீயின் நிறம், பதிவு கவுண்ட்டர்காரன் முகம் என்று ஒன்றையும் விடவில்லை. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தராசு அவரைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி இல்லாமல், பெருமையாகச் சிரித்து வைத்தாள்.

பிப்ரவரி 14, வெள்ளி. ரேடியோ திங்கட்கிழமை பழைய வார்டுக்குப் போகிறாள். சஹானா சரியான தேர்வு. இப்படி எழுதினால் மறுநாளே சந்தேகம் வந்து அடித்துவிடுவேன்; இதை அடிக்காமல் விடுகிறேன்.

நாளை: தாடிக்காரரிடம் அவர் எந்தெந்த மொழியில் வேலை செய்கிறார், வீட்டில் என்ன பாட்டுக் கேட்டு வளர்ந்தார், எந்தச் சத்தம் கேட்டால் அவருக்குத் தூக்கிப்போடுகிறது என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகே ராகம் தேட வேண்டும்.