மாமாவுக்கு ஒரு மூலைப் பெஞ்சு

வீட்டில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் மருமகளுக்குத் தூக்கம் வராது. கட்டிலுக்கு அடியில் பெட்டி, கதவுக்குப் பின்னால் கொக்கி, அலமாரிக்கு மேல் மூட்டை. அப்படிப்பட்டவள் சமையலறை மூலையில் பெஞ்சு செய்யச் சொன்னது இடத்துக்காக அல்ல, மாமனாருக்காக.

மாமியார் காலமான பிறகு அவர் இவர்களோடு வந்து ஐந்து மாதம் ஆகிறது. சாப்பாட்டு நேரத்தில் தட்டை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவார். "நீங்க சாப்பிடுங்கம்மா, எனக்கு அங்கயே சௌகரியம்" என்பார். சௌகரியமாவது, மண்ணாங்கட்டியாவது! மடியில் தட்டு, எதிரே சுவர். சமையலறை மேஜையைச் சுற்றி இரண்டு நாற்காலிக்குத்தான் இடம். மூன்றாவதைப் போட்டால் அடுப்புப் பக்கம் போக முடியாது. அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு மனசு கேட்கவில்லை.

தச்சர் வந்தார். மூலையை அளப்பார் என்று பார்த்தால், "யார் உட்காரப்போறது? முதல்ல அவரைக் கூப்பிடுங்க" என்றார். பலகைத் துண்டுகளை அடுக்கி மாமனாரை உட்காரவைத்தார். எழச் சொன்னார். முழங்காலில் கை ஊன்றாமல் அவர் எழும்வரை ஒவ்வொரு பலகையாகச் சேர்த்தார். அந்த உயரம்தான் பெஞ்சின் உயரம்.

"உள்ள சாமான் வைக்கக் கதவு முன்னாடியா, மூடி மேலயா?"

அங்கேதான் அவளுடைய குணம் எட்டிப் பார்த்தது. "மேலயே வைங்கண்ணா. அப்பதான் நிறைய பிடிக்கும்."

பெஞ்சு மூலையில் கச்சிதமாகப் பொருந்தியது. மாவு, சர்க்கரை, வெங்காயம், எண்ணெய் டின் எல்லாம் உள்ளே. மேலே மெத்தை, மெத்தைமேல் மாமனார். அவர் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதைப் பார்த்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாமா, ஒரு நிமிஷம் எழுந்திருங்களேன், சர்க்கரை எடுக்கணும்." எழுந்தார், உட்கார்ந்தார். "மாமா, வெங்காயம்..." மறுபடியும் எழுந்தார்.

அந்த வாரம் முடிவதற்குள் தட்டு அறைக்குத் திரும்பிவிட்டது.

"முட்டி வலிக்குதா மாமா? மெத்தை உறுத்துதா?"

"பெஞ்சுக்கு என்னம்மா, ஜோரா இருக்கு. நான்தான் உன் வேலைக்குக் குறுக்க உட்கார்ந்திருக்கேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. வந்த இடத்தில் தான் ஒரு தொந்தரவு என்று அவர் நினைக்கக்கூடாதென்று பெஞ்சு செய்தவளே, வேளாவேளைக்கு அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாள்!

சாமான்களையெல்லாம் அள்ளி வெளியே போட்டு, பழைய போர்வைகளை உள்ளே வைத்தாள். கெஞ்சிக் கூத்தாடி அவரை மறுபடி உட்காரவைத்தாள். என்ன பிரயோஜனம்? அவள் கரண்டியோடு அந்தப் பக்கம் திரும்பினாலே மனுஷர் தட்டோடு பாதி எழுந்துவிட்டார்.

தச்சரைத் திரும்ப வரவழைத்தாள். "மூடி திறக்கவே கூடாதுண்ணா. ஸ்க்ரூ போட்டு இறுக்கிடுங்க."

"நல்ல இடம் வீணாப் போகுமேம்மா. முன்னாடி அறுத்து டிராயர் வச்சுத் தரேன். அவர் காலைக் கொஞ்சம் ஒதுக்கினா போதும்."

"காலையும் ஒதுக்க வேண்டாம்."

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "சாமான் வைக்கப் பெஞ்சு செஞ்சு, அதுக்கே சீல் வைக்கிற ஆளை இப்பதான் பார்க்கிறேன்."

"நல்லாப் பார்த்துக்கோங்க" என்றாள். இடம் வீணாவது அவளுக்கும் வலிக்காமல் இல்லை. எண்ணெய் டின் இப்போது அவர்கள் கட்டிலின் தலைமாட்டில் இருந்தது.

அன்று சாப்பிடும்போது தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். மாமனார் பழக்க தோஷத்தில் எழப்போனார்.

"உட்காருங்க மாமா. அது இனிமே திறக்காது."

அவர் நம்பவில்லை. மெத்தையை ஒதுக்கி, மூடியின் விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. ஸ்க்ரூக்களை விரலால் தடவினார். பிறகு மெத்தையைச் சரிசெய்து உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"ஒண்ணு சொல்லவாம்மா? வந்த நாள்லேருந்து சொல்லணும்னு பார்க்கிறேன். உன் சமையல்ல உப்பு பத்தவே மாட்டேங்குது."

கணவனுக்குப் புரையேறியது.

"இதைச் சொல்ல அஞ்சு மாசமா?" என்று அதட்டியபடியே அவள் உப்பு டப்பாவை எடுத்தாள். சந்தோஷத்தில் அவள் டப்பாவைக் கவிழ்த்த வேகத்தில், உப்பு மேஜையெல்லாம் கொட்டியது.