ஒரு சுற்றுக்கான உயிர்

மரத்தின் மேல்தான் சிக்னல் கிடைத்தது. மலைமேல் வளப்பூர் நாட்டில் செங்கோடனின் தோட்டம் சரிவின் அடிமடியில் கிடந்ததால், கீழே நின்றால் போனில் ஒரு கோடுகூட வராது. ஒற்றை மூங்கில் ஏணியில் முப்பதடி ஏறி, சில்வர் ஓக் மரத்தோடு இடுப்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மூன்று கோடு நிற்கும். மிளகு பறிக்கும் மாதம். பகலெல்லாம் மரத்தில் இருப்பவனை ஏன் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஏணியின் அடியை அவன் மனைவி அருணா பிடித்திருந்தாள். சரிவில் யாராவது பிடித்தால்தான் ஏணி உருளாமல் நிற்கும்.

அவன் உட்கார்ந்திருந்த மரம் அவனுடையதல்ல. அதை அவன் விற்று மூன்று வாரமாகிறது. அது மட்டுமல்ல, தோட்டத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் மர வியாபாரி குப்புசாமியிடம் அட்வான்ஸ் வாங்கி, அதை இதே போனில் இதே ஆட்டத்தில் விட்டிருந்தான். நாளை திங்கட்கிழமை லாரி வரும். மரம் சாய்ந்தால் அதைப் பற்றி ஏறியிருக்கும் மிளகுக்கொடியும் சாயும். பிறகு அந்தச் சரிவில் வெறும் கல்தான். இன்றைய போக்கர் போட்டியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அருணாவுக்கு எதுவும் தெரியவேண்டியதில்லை. இந்த ஆட்டத்துக்கு இன்னும் தடை வராத ஆண்டு அது.

அறுநூறு பேரில் தொடங்கிய போட்டியில் இப்போது இருபது பேர் மீதி. செங்கோடனிடம் இருந்த பந்தயச் சிப்புகள் மிகக் குறைவு. அதற்கு அவனே காரணம். முதல் இரண்டு மணி நேரம் அவன் மிளகுக்காரனாகவே ஆடினான். மிளகுச் சரத்தில் ஒரு மணியாவது சிவக்காமல் கை வைக்கக் கூடாது என்பது தோட்டத்து வழக்கம். அப்படியே நல்ல சீட்டு வரட்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒதுங்கினான். ஆனால் சீட்டு ஆட்டத்தில் காத்திருப்பவனுக்கு வாடகை உண்டு. சுற்றுக்கு ஒருமுறை, சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் வைக்க வேண்டும். பிளைண்டு என்பார்கள்; ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் முறை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது கூடிக்கொண்டே போகும். சிவப்பதற்குள் கொடியே கருகிவிடும்.

எனவே இப்போது திருடினான். எல்லோரும் ஒதுங்கி, பிளைண்டு வைத்த இருவர் மட்டும் மீதி இருக்கத் தன் முறை வரும்போது, கையில் என்ன சீட்டு என்று பாராமல், இருக்கும் சிப்பையெல்லாம் முன்னே தள்ளுவது. பிளைண்டு வைத்த இருவரும் பயந்து ஒதுங்கினால் அவர்கள் வைத்தது இவனுக்கு. அதனால் ஆள் பெரியவனாகிவிட மாட்டான். இன்னும் ஒரு சுற்று உயிரோடு இருப்பான், அவ்வளவுதான். பிறகு மறுபடி திருட வேண்டும்.

ஒன்பதும் ஐந்தும் வந்தன. எல்லாவற்றையும் தள்ளினான். இருவரும் ஒதுங்கினார்கள். நெஞ்சு இடித்ததில் மரமே ஆடியது போலிருந்தது.

"ஏனுங்க, மேலயே தூங்கிட்டீங்களா?" கீழிருந்து அருணா கேட்டாள்.

"பறிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"பை ஒருக்காகூட எறங்கலீங்களே. அணிலு பறிச்சிருந்தாக்கூட இந்நேரம் ரெண்டு படி தேறியிருக்கும்."

"இந்தக் கொடியில காய் கம்மி."

"கீழருந்து பாத்தா கொத்துக் கொத்தாத் தொங்குது. என் கண்ணுதான் கெட்டுப்போச்சாட்டம்."

ஏழும் இரண்டும் வந்தன, தள்ளினான், ஒதுங்கினார்கள். 'சேலம் புலி' என்ற பெயரில் ஆடியவன் திரையில் எழுதினான்: "அண்ணா, மறுபடியுமா? பேரைத் திருடன்னு மாத்திக்கோங்க."

செங்கோடனுக்கு அது உறைத்தது. திருட்டு பலிப்பது சீட்டால் அல்ல, எதிராளி நம்புவதால்தான். ஒவ்வொரு முறை பலிக்கும்போதும் நம்பிக்கை கொஞ்சம் தேய்கிறது. ஆனால் நிறுத்தவும் வழியில்லை.

"ஏனுங்க."

"என்ன?"

"மரத்துக்கெல்லாம் அடியில சிவப்புப் பெயிண்டுல நம்பர் போட்டிருக்குது. யாருங்க போட்டது?"

வெள்ளிக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தபோது குப்புசாமியின் ஆட்கள் போட்டது. மண்ணைக் குழைத்துப் பூசி மறைக்க நினைத்திருந்தான், மறந்துபோனான். குரல் தடுமாறக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"ஆபீஸ்ல இருந்து வந்து மரம் எண்ணிட்டுப் போனாங்க. எல்லார் தோட்டத்துலயும்தான்."

"பக்கத்துப் பூபதி அண்ணன் தோட்டத்துல இல்லீங்களே."

"அங்க நாளைக்கு வருவாங்க."

எங்கோ பஸ் ஒன்று கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றி ஏறியது.

"வேற ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள், அது ஓய்ந்த பிறகு.

"வேற என்ன இருக்குது?"

"சரிங்க."

அவனுக்குள் ஏதோ தளர்ந்து இறங்கியது. சீட்டில் இருவரும் ஒதுங்கியபோது வந்ததும் இதே நிம்மதிதான் என்பது அவனுக்கே தெரிந்தது. சற்று நேரத்தில் ஏணி லேசாக நழுவியது. குனிந்து பார்த்தான். அருணா சரிவேறி ரோட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

பதினொரு பேர் மீதி இருந்தபோது ராஜாவும் நான்கும் வந்தன. அவனுக்கு முன்னே பேசிய எல்லோரும் ஒதுங்கினார்கள். கணக்கு தெளிவாக இருந்தது: இப்போது தள்ளாவிட்டால் அடுத்த சுற்றில் தள்ளுவதற்கு மீதி இருக்காது. தள்ளினான். பிளைண்டு வைத்த இருவரில் ஒருவன் ஒதுங்கினான். சேலம் புலி யோசித்தான். நேரம் காட்டும் பட்டை சுருங்கிக்கொண்டே வந்தது. பிறகு ஒதுங்காமல் சமப் பந்தயம் வைத்தான்.

அவன் கையில் ராணியும் ஒன்பதும்தான். செங்கோடனுடையது பெரிய சீட்டு. திருடப் போனவன் கையில் உண்மையாகவே சரக்கு இருந்திருக்கிறது. இவ்வளவு நேரத்தில் முதல் முறையாக. நடுவில் மூன்று சீட்டு விழுந்தன, ஒன்றும் மாறவில்லை. நான்காவதிலும் மாறவில்லை. ஐந்தாவதாக ஒன்பது விழுந்து, சேலம் புலிக்கு ஜோடி சேர்ந்தது.

பதினோராம் இடம். வாழ்த்துகள் என்றது திரை. கிடைத்த பரிசு மூட்டை தூக்கும் கூலிக்குத்தான் போதும்.

தான் செய்தது சரிதான் என்று அவன் பலமுறை சொல்லிக்கொண்டான். நூறு முறை ஆடினால் ஐம்பதுக்கு மேல் தானே ஜெயிப்பான். அது உண்மையும்கூட. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அருணா திரும்பி வந்திருந்தாள். கையில் தண்ணீர் இல்லை. ஏணியைப் பிடிக்காமல் எதிர் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

"குப்புசாமி அண்ணன் நேத்து ஊட்டுக்கு வந்தாருங்க" என்றாள், மேலே பார்க்காமல். "நீங்க கடைக்குப் போயிருந்தப்ப. 'உன் ஊட்டுக்காரரு சொன்னாரா கண்ணு'ன்னாரு. 'ரெண்டு பேருக்கும் சம்மதம்னாத்தான் மரத்துல கை வைப்பேன், வேண்டாம்னா ஞாயித்துக்கிழம சாயந்தரத்துக்குள்ள அட்வான்ஸைக் கொடுத்துரு'ன்னாரு."

செங்கோடனின் கை கயிற்றை இறுக்கியது.

"அந்தக் காசை எங்கண்ணன் தாரேன்னுட்டான். நீங்களா வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு நேத்திருந்து காத்துக்கெடந்தேன். சோத்தைப் போட்டுட்டுக் காத்திருந்தேன். இந்த ஏணியைப் புடிச்சுட்டுக் காத்திருந்தேன். கடைசியில நானே கேட்டேன்."

"அருணா..."

"ஆபீஸ்ல இருந்து வந்தாங்கன்னீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "ரோட்டுக்குப் போயி அவருக்குப் போன் போட்டேன். வெட்டிக்குங்கன்னு சொல்லிட்டேன்."

"உங்கண்ணன் தாரேன்னான்னு சொன்னியே!"

"அவன் காசைப் போட்டு மீட்டா, நீங்க அடுத்த மாசம் வேற ஆளுக்கு விப்பீங்க. போன்ல சீட்டாடறது எனக்குத் தெரியாதா? மரம் நிக்கிற மட்டும் வெச்சு ஆடுவீங்க. நிக்கவே வேண்டாம்."

"இப்ப எல்லாத்தையும் சொல்லிடறேன். ஒண்ணு விடாம. இன்னொருக்கா போன் போடு."

"இப்ப சொல்றதுக்கு உங்க கையில என்னங்க இருக்குது? எல்லாந்தான் எனக்குத் தெரியுமே."

அவன் கையில் போன் இருந்தது. மூன்று கோடும் நின்றன. குப்புசாமியின் எண்ணை எடுத்தான். என்ன சொல்வது? கொடுப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. கொடுக்க இருந்தவளோ கையை விரித்துவிட்டாள். எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திரை தானாக அணைந்தது.

"எறங்கட்டுமா?" என்று கேட்டான். குழந்தை கேட்பது போலிருந்தது.

"எறங்கி என்ன பண்ணப்போறீங்க? பறிங்க. விடிஞ்சா ஆளுக வந்துருவாங்க."

அவள் எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் போனைச் சட்டைக்குள் போட்டுவிட்டுக் கொடிக்குக் கை நீட்டினான். பச்சைச் சரம், பழுத்த சரம் எல்லாவற்றையும் உருவிப் பைக்குள் போட்டான். கொடி நிறைய காய்த்திருந்தது. பை நிறைந்து முதல் முறையாகக் கீழே இறங்கியது. அவள் அதை அவிழ்த்து, சாக்கில் கொட்டி, மேலே அனுப்பினாள்.

வெளிச்சம் போவதற்குள் மூன்று மரம் முடித்தார்கள். இன்னும் முப்பத்தொன்பது நின்றன.