ரங்கனுக்கு நரை

மந்தைவெளியில் மொட்டைமாடியின்மேல் போட்ட ஒற்றை அறை. மதிவாணன் அங்கே ஃபேனைப் போட விடுவதில்லை. காற்றுப் பட்டால் எண்ணெய் வண்ணம் காய்ந்துவிடும். காய்ந்தால் படம் முடிந்துவிடும் என்று பயந்தான். ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தான்.

படத்தில் இருந்தது அவன் அண்ணன் ரங்கன். சில வருடங்களுக்கு முன் நொச்சிக்குப்பத்திலிருந்து கடலுக்குப் போனவன். புயலுக்குப் பிறகு படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து மதிவாணன் படத்தில் அவனுக்கு வயதேற்றிக்கொண்டிருக்கிறான். காதோரம் ஒரு நரை. கண்ணுக்குக் கீழே ஒரு கோடு. போன தீபாவளிக்குப் பிறகு கொஞ்சம் தொப்பை. தேனாம்பேட்டையில் கண்காட்சி வைப்பவர்கள் வந்து கேட்டபோது, இன்னும் முடியவில்லை என்று அனுப்பிவிட்டான். இப்போதெல்லாம் வேறு எதையும் அவன் வரைவதில்லை.

ஆடி அமாவாசையன்று காலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவன் மனைவி ஷீலா திறந்தாள். மாமியார் கெங்கம்மா மூச்சு வாங்க நின்றிருந்தாள்.

"இன்னாடி, அடுப்புக்குள்ளயா குடித்தனம் பண்றீங்கோ?"

"ஒங்க புள்ளயக் கேளுங்க அத்த. என்னை இட்லி மாரி வேக வெச்சிக்கினு கீறாரு."

கெங்கம்மா மகனிடம் போனாள். "மதி, அண்ணன் போட்டோவக் குடு. இன்னிக்காவது அவனுக்குப் படைக்கணும்."

ரங்கனுக்கு இருந்தது ஒரே போட்டோ. பார்த்து வரைய வேண்டும் என்று மதிவாணன் எடுத்து வந்தது. அவன் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது.

"உசுரோட கீறவனுக்கு இன்னாத்துக்குப் படையல்?"

"குடுடா."

"கிழிச்சிப் போட்டாலும் போடுவேன். தரமாட்டேன்."

அப்போதுதான் அவள் படத்தைப் பார்த்தாள். இதுவரை பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

"தொப்ப வேற வெச்சிக்கிற. இன்னா, அங்க எவனாவது ஒனக்கு ஆள் வெச்சி ஆக்கிப் போடறானா?" என்று படத்தைக் கேட்டாள்.

"திரும்பி வந்தா அடையாளம் தெரியணும்லம்மா."

"ஒருத்தன் கடல்ல பூட்டான். ஒருத்தன் உள்ள பூட்டிக்கினு கீறான்."

இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். முண்டகக்கண்ணி அம்மன் கோயில் குங்குமம். அங்கிருந்த சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று மதிவாணனுக்குப் புரிவதற்குள் ரங்கனின் நெற்றியில் விரலை அழுத்திவிட்டாள். செத்தவர் படத்துக்கு வைக்கிற பொட்டு. ஈர வண்ணம் அதைப் பிடித்துக்கொண்டது.

"யம்மா!"

வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியோடு பாய்ந்தான். குறுக்கே வந்த ஷீலாவைத் தள்ளினான். அவள் சுவரில் மோதிக்கொண்டாள். துணி ரங்கனின் நெற்றிக்கு நேராக வந்து நின்றது.

"தொடச்சிடு," என்றாள் கெங்கம்மா. அவள் நகரவில்லை. "தொடச்சிடு. மூஞ்சியும் சேந்து போவட்டும்."

துணியிலிருந்து ஒரு சொட்டு விழுந்து புருவத்தைக் கரைத்துக்கொண்டு கண்ணை நோக்கி இறங்கியது. மறுகை விரலால் அதைத் தடுத்தான். அப்படியே நின்றான்.

பிறகு துணியைக் கீழே போட்டான். சட்டைப் பையிலிருந்த போட்டோவை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். வியர்வையில் அது வளைந்திருந்தது. கெங்கம்மா முந்தானையால் துடைத்தாள்.

"ஷீலா," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஃபேனப் போடு."

இறக்கைகளில் சேர்ந்திருந்த தூசி பறந்து படத்தின்மேல் விழுந்தது. ரங்கனின் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. அவன் துடைக்கவில்லை.