கடைத்தெரு நிறைந்த நாள்

நகராட்சியில் தொழில் வளர்ச்சிப் பிரிவு என்று ஒன்று இருந்தது. பெயர்தான் பிரிவு. உள்ளே ஒரு மேஜை, சுவரில் ஊரின் வரைபடம், ஒரே ஓர் அதிகாரியம்மா. கையைக் காலைப் பிடித்தாவது கம்பெனிகளை இந்தப் புறநகருக்குக் கூட்டி வருவது அவள் வேலை. வீடுகள் என்னவோ அடுக்கடுக்காக எழும்பிக்கொண்டே இருந்தன. வேலை கொடுக்கத்தான் நாதியில்லை. விடிவதற்குள் ஊரே ரயிலேறிப் பெருநகருக்குப் போய்விடும், தூங்குவதற்கு மட்டும் திரும்பி வரும். பகலில் புதுக் கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது.

அந்தத் தெருவில்தான் அவளுடைய தம்பி டீக்கடை வைத்திருந்தான். வைக்கச் சொன்னதே அவள்தான். "கம்பெனி வரப்போகுதுடா, இப்பவே இடம் பிடிச்சுக்கோ" என்று, பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட வைத்தாள். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது. வந்த கம்பெனிக்காரர்கள் எல்லோரும் காலித் தெருவைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிப் போனவர்கள்தான். தம்பி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாதக் கடைசியில் கடையை மூடப்போகிறோம் என்று அவன் மனைவி சொன்னதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரிய அலுவலகம் ஒன்று திறக்க இடம் தேடி ஒரு கம்பெனியின் மேலாளர் வருவதாகத் தகவல் வந்தது. இந்த முறை தெரு காலியாக இருக்கக் கூடாது என்று அவள் முடிவு கட்டினாள். சித்தி, சித்தப்பா, நாத்தனார், நாத்தனாரின் மாமியார் என்று ஒருவரையும் விடாமல் போன் போட்டாள். வேலைக்குப் போகிறவர்களை லீவு போட வைத்தாள்.

"கையில ஒரு பையோட மேலயும் கீழயும் நடங்க, போதும். யாராவது கேட்டா, இந்த ஊர்லயே தொழில் பண்றோம்னு சொல்லுங்க."

கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலே ஆயிரம் நொட்டை சொல்லும் கூட்டம், அன்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்து சேர்ந்தது. சித்தி ஒரு படி மேலே போய், பூட்டிக் கிடந்த கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று விலை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் நரைத்த தலையும் தணிந்த குரலுமாக இருந்தார். தெருவை நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். பிறகு தம்பி கடையில் உட்கார்ந்து டீ வாங்கினார்.

"வியாபாரம் எப்படிப்பா?"

"நிக்க நேரமில்ல சார். தினமும் இதே கூட்டம்தான்" என்று அக்கா சொல்லிக் கொடுத்ததைத் தம்பி அப்படியே ஒப்பித்தான்.

மேலாளர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கூடவே வந்திருந்த அவள் பக்கம் திரும்பினார். "அப்ப நாங்க இங்க வந்து பிரயோஜனமில்லம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இந்த ஊர் ஜனங்க ரயில்ல போய் வந்தே ஓஞ்சு போறாங்கன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவங்களுக்கு வாசல்லயே வேலை குடுத்தா எங்களை விட்டுப் போக மாட்டாங்க. இங்க என்னடான்னா வேலை நாள்ல, பட்டப்பகல்ல, இத்தனை பேர் சாவகாசமா நடக்கறாங்க. எங்களுக்கு ஆள் எங்க கிடைக்கும்?"

இனி மானம் மரியாதை பார்த்து என்ன ஆகப்போகிறது? "சார், இது பொய் சார்! எல்லாரும் என் சொந்தக்காரங்க. நான்தான் வரவச்சேன்" என்று கத்தியேவிட்டாள். பக்கத்தில் பையோடு நடந்துகொண்டிருந்த பெரியப்பா மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "இவர் தினமும் ரயில்ல போறவர் சார். சொல்லுங்கண்ணா!"

அண்ணனோ காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டவர். கோட்டு போட்ட ஆளைப் பார்த்ததும், தன் ஆபீஸுக்குத் தெரிந்துவிடுமோ என்று அவருக்கு வியர்த்துவிட்டது. "நானா? நான் இந்த ஊர்லயே தொழில் பண்றேன் சார்" என்றார், சொல்லிக் கொடுத்த பாடம் பிசகாமல்.

மேலாளர் கோபப்படவில்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டவர் போல எழுந்தார். "இதுல எது நிஜம்னு நான் எங்க ஆபீஸ்ல போய்ச் சொல்றதும்மா?"

கார் வரைக்கும் கூடவே ஓடினாள். காலையில் ரயில் நிலையத்துக்கு வந்து பார்க்கச் சொன்னாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். "பாவம்மா நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் திரும்பி வந்தபோது தம்பி கடையில் உட்கார இடமில்லை. நடந்த களைப்பில் சொந்தபந்தம் மொத்தமும் டீயும் பன்னுமாக உட்கார்ந்திருந்தது. நம்ம பையன் கடைதானே என்று ஒருவரும் காசைப் பற்றி நினைக்கவில்லை. தம்பி ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தான்.

"என்னை மன்னிச்சுடுடா" என்றாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கடை திறந்ததிலிருந்து முதன்முறையாக நிறைந்த பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நாளைக்கும் இவங்களை வரச் சொல்ல முடியுமா?"

கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் நிஜமாகத்தான் கேட்டான்.